புதுசா சப் மாட்டியாச்சு, இனி ட்யூனிங்

காரில் சப்வூஃபர் (தாழ்ந்த பேஸ் ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) மாட்டிய முதல் வாரத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஆம்பில், அதாவது சிக்னலைப் பெருக்கி சப்புக்குக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரில், இருக்கிற குமிழ்களை எல்லாம் வலது கோடி வரைக்கும் திருகிவிடுவது, பேஸ் பூஸ்ட்டையும் சேர்த்து. டிக்கி மூடி படபடக்கும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி நடுங்கித் தெரியும், பாடுகிறவர் என்ன பாடுகிறார் என்று மட்டும் புரியாது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் முதல் சப் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது பின்பக்கமிருந்து பிசின் கருகுகிற மாதிரி ஒரு வாடை, அடுத்த பாட்டில் பேஸ் இல்லை. வீட்டுக்கு வந்து கோனை, அதாவது முன்னால் அதிர்கிற கூம்பை, இரண்டு கை விரல்களால் மெதுவாக அமுக்கிப் பார்த்தால், உள்ளே மணலில் தேய்ப்பது போல சரக் சரக் என்று உரசுகிறது. கோனை ஆட்டுகிற கம்பிச் சுருள், அதாவது காயில், போய்விட்டது. சப் நல்ல சப், ஆம்பும் நல்ல ஆம்ப். கெயின் குமிழை வால்யூம் என்று நினைத்துக்கொண்டவன் நான்.

அதனால் முதலில் அதைப் பேசிவிடலாம், மற்றதெல்லாம் அப்புறம்.

கெயின் வால்யூம் இல்லை

உங்கள் ஹெட் யூனிட் (டேஷ்போர்டில் இருக்கிற ஸ்டீரியோ) பின்னாலிருந்து ஆர்சிஏ கேபிள் வழியாக ஒரு சின்ன சிக்னல் ஆம்புக்குப் போகிறது. ஒரு யூனிட்டில் அது அதிகபட்சம் 2 வோல்ட் இருக்கும், இன்னொன்றில் 4, சிலவற்றில் 5. எத்தனை வோல்ட் வந்தால் ஆம்ப் தன் முழு பலத்தையும் காட்ட வேண்டும் என்று சொல்லிவைக்கிற இடம்தான் கெயின். வருகிற சிக்னலுக்கும் ஆம்புக்கும் பொருத்தம் பார்த்து வைக்கிறோம், அவ்வளவுதான். குமிழைச் சுற்றி 6 வோல்ட், 0.2 வோல்ட் என்று எழுதியிருப்பார்கள், பலர் குழம்புவது இங்கேதான். எண் குறையக் குறைய கெயின் கூடுகிறது. 0.2 பக்கம் திருகினால், இத்தனூண்டு சிக்னல் வந்தாலே முழு பலத்தோடு கத்து என்று ஆம்பிடம் சொன்ன மாதிரி. அதற்கு நீங்கள் 4 வோல்ட் அனுப்பினால் என்ன ஆகும்? வால்யூம் கால்வாசி போவதற்குள் ஆம்ப் எல்லையைத் தொட்டுவிடும். அதற்குமேல் அலையின் தலை மேலே போக இடமில்லாமல் மொட்டையாக வெட்டுப்படும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். வளைவாக ஏறி இறங்க வேண்டிய அலை சதுரமாகிவிடும், அதே உயரமுள்ள சதுர அலை சாதாரண அலையைப் போல இரண்டு மடங்கு சக்தியைக் காயிலில் இறக்கும். அது பெரும்பாலும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். எனக்கு வந்த வாடை அதுதான்.

ஆம்ப் சின்னது, சப் பெரியது, எப்படித் திருகினாலும் ஒன்றும் ஆகாது என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். சின்ன ஆம்பிலிருந்து கூடுதல் சத்தம் கறக்கப் போய்த்தான் நிறைய சப்கள் கருகுகின்றன.

குமிழைத் தொடும் முன் வயரைப் பாருங்கள்

ட்யூனிங்கில் சரியாகாத பிரச்சினைகளில் பாதி வயரிங்கில் இருக்கும். பேட்டரியிலிருந்து ஆம்புக்கு வரும் பவர் வயரில், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இது ஆம்பைக் காப்பாற்ற வைத்தது இல்லை. வழியில் எங்காவது வயர் உரசி பாடியைத் தொட்டால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்க வைத்தது. எர்த் வயர் பவர் வயரின் அதே தடிமனில், முடிந்த மட்டும் குட்டையாக, பெயின்ட்டைச் சுரண்டி எடுத்த வெறும் தகரத்தில் இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். பெயின்ட் மேலேயே போல்ட்டை முடுக்கியிருந்தால் இன்றைக்கு ஓடும், ஒரு மழைக்காலம் கழித்து ஆம்ப் காரணமே தெரியாமல் அணைந்து அணைந்து எரியும். என் இரண்டாவது காரில் மாட்டிக்கொடுத்தவர் எர்த்தை சீட் பெல்ட் போல்ட்டில் கட்டியிருந்தார். அதை ஒருபோதும் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். அந்த போல்ட் உங்கள் உயிருக்காக இருக்கிறது, பாட்டுக்காக இல்லை.

அடுத்தது ஓம் கணக்கு, அதாவது காயில் மின்சாரத்துக்குக் காட்டும் தடை. சப்பில் ஒரே காயில் என்றால் அதில் எழுதியிருப்பதுதான், 2 அல்லது 4. இரட்டைக் காயில் என்றால் எப்படி இணைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். இரண்டு 4 ஓம் காயில்களைப் பக்க இணைப்பாகக் கொடுத்தால் 2 ஓம், தொடராகக் கொடுத்தால் 8 ஓம். இரண்டு 2 ஓம் காயில்கள் என்றால் 1 அல்லது 4. உங்கள் ஆம்ப் 2 ஓம் வரைக்கும்தான் தாங்கும் என்று அதன் கையேட்டில் இருந்தால் 1 ஓமில் கட்டாதீர்கள். புரொடெக்ட் விளக்கு எரிந்தால் அதிர்ஷ்டம், எரியாமலே புகைந்தால் செலவு. நான்கு சேனல் ஆம்பில் இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்து (ஒன்றாகச் சேர்த்து) சப்புக்குக் கொடுக்கிறவர்களுக்கு, பெரும்பாலான ஆம்ப்களில் பிரிட்ஜுக்குக் கீழ் எல்லை 4 ஓம்.

எல்லாவற்றையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள்

ஹெட் யூனிட்டில் பேஸ், மிட், ட்ரெபிள் எல்லாம் 0. லவுட்னெஸ் (குறைந்த வால்யூமில் பேஸை ஏற்றிக் காட்டும் வசதி) ஆஃப். ஈக்வலைசர் ஃப்ளாட். சப் லெவல் என்று தனியாக இருந்தால் அதுவும் 0. ஃபேடரும் பேலன்ஸும் நடுவில். போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டு போடுகிறவர்கள் போன் வால்யூமை முழுக்க வையுங்கள். பாட்டு ஆப்பின் உள்ளே ஒளிந்திருக்கிற ஈக்வலைசரையும், எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருகிற வசதியையும் அணைத்துவிடுங்கள். ஆப்பின் ஈக்வலைசர் ஆனில் இருந்ததை மறந்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆம்பைத் திட்டிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு.

ஆம்ப் பக்கத்தில் கெயின் முழுக்கக் குறைவில், பேஸ் பூஸ்ட் 0, லோ பாஸ் ஃபில்டர் (வைத்த எண்ணுக்குக் கீழே உள்ள ஒலியை மட்டும் விடுவது) அதன் உச்ச எண்ணில், சப்சோனிக் ஃபில்டர் (ரொம்பத் தாழ்ந்த ஒலியை வெட்டுவது) கீழ்க் கோடியில். பேஸ் ரிமோட் குமிழ் முன்னால் மாட்டியிருந்தால், கெயின் வைக்கும்போது அதை முழுக்கத் திருகி வைக்க வேண்டும். இல்லையென்றால் அதைப் பாதியில் வைத்துக் கெயினை ஏற்றிவிடுவீர்கள், அப்புறம் யாராவது விளையாட்டாக அதை முழுக்கத் திருகும் நாளில் கணக்கு தப்பிவிடும்.

இன்ஜின் ஓடட்டும். அணைத்திருந்தால் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் நிற்கும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வரும், ஆம்ப் உண்மையில் வேலை செய்யப்போவது அந்த நிலையில்தான். ஆனால் மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யாதீர்கள். புகை கொல்லும். திறந்த வெளியில் நிறுத்துங்கள்.

கெயினை மல்டிமீட்டரில் வைப்பது

இருக்கிறதிலேயே முக்கியமான வேலை இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். தேவையானவை: ஏசி வோல்ட் காட்டும் சாதாரண மல்டிமீட்டர், 0 டெசிபலில் (சிதையாமல் பதிய முடிகிற உச்ச அளவில்) பதிவு செய்த 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 அதிர்வு) டெஸ்ட் டோன், ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். விலை குறைந்த மீட்டர்களும் 50 ஹெர்ட்ஸில் ஒழுங்காகக் காட்டும், ஏனென்றால் அவை வீட்டு மின்சாரத்தை அளக்கச் செய்யப்பட்டவை. 1000 ஹெர்ட்ஸ் போட்டால் சிலது உளறும்.

எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று முதலில் கணக்கு. ஆம்பின் ஆர்எம்எஸ் வாட் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி), சப்பின் ஆர்எம்எஸ் வாட் (தொடர்ந்து தாங்கக்கூடிய சக்தி), இரண்டில் எது சின்னதோ அதை எடுங்கள். அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் மேக்ஸ் வாட்டை மறந்துவிடுங்கள், அது கண்ணைக் கவர மட்டும்தான். எடுத்த வாட்டை ஓமால் பெருக்கி, வந்த எண்ணுக்கு வர்க்கமூலம் காண வேண்டும். 500 வாட், 2 ஓம் என்றால் 1000, அதன் வர்க்கமூலம் 31.6 வோல்ட். 300 வாட், 4 ஓம் என்றால் 1200, வர்க்கமூலம் 34.6. போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

ஆம்பை அணைத்து, சப்புக்குப் போகும் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் அந்த ஸ்பீக்கர் டெர்மினல்களில் வையுங்கள், ஒன்றை ஒன்று தொடாமல். கெயின் முழுக்கக் குறைவில்தான் இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். இப்போது ஆம்பைப் போட்டு, டோனை ஓடவிட்டு, ஹெட் யூனிட் வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்றுங்கள், அதாவது 40 வரை போகும் யூனிட்டில் 30. பெரும்பாலான யூனிட்கள் அதற்குமேல் தாங்களே சிக்னலைச் சிதைக்க ஆரம்பித்துவிடும், ஆம்புக்கு வருவதே கெட்டுப்போனால் அங்கே எவ்வளவு கவனமாக வைத்தும் பிரயோஜனமில்லை. டோனை எப்போதும் இப்படி சப்பை இணைக்காமல்தான் இவ்வளவு வால்யூமில் ஓட்ட வேண்டும், கதவு ஸ்பீக்கர்களையும் ஃபேட் செய்தோ அவற்றின் ஆம்ப் கெயினைக் குறைத்தோ அமைதியாக்கிவிடுங்கள்.

இனி ஸ்க்ரூ டிரைவர். கெயினை நூல் அளவு நூல் அளவாகத் திருகுங்கள். மீட்டரில் 6, 9, 14 என்று ஏறும். வேண்டிய வோல்ட்டில் பாதியைத் தாண்டியதும் குமிழ் ரொம்ப உணர்ச்சிவசப்படும், மயிரிழை அசைந்தால் எண் மூன்று நான்கு தாவும். 31.6 வேண்டுமென்றால் 30-இலேயே நிறுத்தினாலும் தப்பில்லை, காதுக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. குமிழ் பெரும்பாலும் பாதிகூடத் திரும்பியிருக்காது, இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுதான்.

மீட்டர் இல்லாமல் காதால் வைக்க முடியாதா என்றால், கதவு ஸ்பீக்கர்களுக்கு முடியும். நன்கு தெரிந்த பாட்டு, வால்யூம் முக்கால், கெயினை மெல்ல ஏற்றி, குரல் கரகரக்கும் இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் பின்வாங்குங்கள். சப்பில் இந்த வித்தை எடுபடாது. பேஸ் சிதைவதை நம் காது பிடிப்பதற்குள் வெகு தூரம் போயிருப்போம். சப்புக்கு மீட்டர்தான்.

யாருக்கு எந்தப் பங்கு

இதுவரை வைத்தது மேல் எல்லை. இனி வேலையைப் பிரித்துக்கொடுக்க வேண்டும். கதவில் இருக்கும் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் (வைத்த எண்ணுக்கு மேலே உள்ள ஒலியை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ், சப்புக்கு லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ், இங்கிருந்து ஆரம்பியுங்கள். கதவு ஸ்பீக்கர் நாலு இஞ்ச் என்றால் 100 அல்லது 120-க்கு ஏற்றலாம். புதியவர்கள் லோ பாஸை மட்டும் வைத்துவிட்டு ஹை பாஸை விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் ஹை பாஸ்தான் பெரிய வித்தியாசம் காட்டும் குமிழ் என்பேன். 40 ஹெர்ட்ஸை முக்கி முனகி வாசிக்கும் கஷ்டத்திலிருந்து கதவு ஸ்பீக்கரை விடுவித்தால், அது குரலை எவ்வளவு தெளிவாகக் கொடுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஹெட் யூனிட்டிலும் கிராஸ்ஓவர் (இந்த ஹை பாஸ், லோ பாஸ் வெட்டு) இருக்கும், ஆம்பிலும் இருக்கும். ஏதாவது ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டிலும் 80 வைத்தால் வெட்டு இரட்டிப்பாகி, நடுவில் ஒரு பள்ளம் விழும்.

சப்சோனிக் ஃபில்டர் போர்ட் (காற்று போய்வர விட்ட துளை) உள்ள பெட்டிக்குத்தான் ரொம்ப அவசியம். போர்ட் எந்த அதிர்வெண்ணுக்குக் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டதோ அதற்குக் கீழே போனால் பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைப் பிடித்துவைக்காது. சத்தம் பெரிதாக இருக்காது, கோன் மட்டும் கன்னாபின்னாவென்று முன்னும் பின்னும் போகும். 35 ஹெர்ட்ஸ் பெட்டி என்றால் ஃபில்டரை 28, 30 பக்கம் வையுங்கள். மூடிய பெட்டிக்கு உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி, கீழ்க் கோடியிலேயே விட்டுவிடலாம்.

முன்னால் கேட்க வேண்டும்

சப் வயரை மறுபடி மாட்டுங்கள், ஆம்பை அணைத்துவிட்டு. ஹெட் யூனிட்டில் சப் லெவலை நன்றாகக் குறைத்துக்கொண்டு, ஓட்டுநர் சீட்டில் உட்காருங்கள். குனிந்து டிக்கிக்குள் தலையை விட்டு ட்யூன் செய்யாதீர்கள், நீங்கள் அங்கே உட்கார்ந்து ஓட்டப்போவதில்லை. பேஸ் கிட்டாரும் டிரம்மும் தெளிவாக இருக்கிற, உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போடுங்கள். மிருதங்கமோ தபலாவோ இருக்கிற பதிவு கையில் இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள், தொப்பியில் விழும் அடி உருண்டையாக வருகிறதா, பொத்தென்று அமுங்கிவிடுகிறதா என்பது உடனே தெரியும்.

சப் லெவலை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒரு கட்டம் வரைக்கும் பாட்டு முழுவதும் முன்னால் டேஷ்போர்டுக்கு மேலே இருந்து வருவது போலவே இருக்கும், அடிப்பகுதி மட்டும் நிறைந்துகொண்டே போகும். திடீரென்று ஒரு படியில் பின்னால் யாரோ தட்டுவது போலத் தோன்றும். அங்கிருந்து ஒரு படி இறங்குங்கள். சப் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் ஒருவரை ஏற்றிக் கேட்கச் சொன்னால், அவர் முன்னால் கை காட்டினால் சரி.

லெவலைக் குறைத்தும் சத்தம் பின்னாலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் லோ பாஸை 80-லிருந்து 70, 65 என்று இறக்கிப் பாருங்கள். மேல் அதிர்வெண்கள்தான் சப் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன.

அடுத்தது ஃபேஸ். 80 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 4.3 மீட்டர். கதவிலிருந்தும் டிக்கியிலிருந்தும் வரும் அலைகள் உங்கள் காதில் சேரும்போது, ஒன்று தள்ளுகிற நேரத்தில் மற்றது இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். சப் இருந்தும் பேஸ் சப்பென்று இருப்பதற்கு இது பெரிய காரணம். 80 ஹெர்ட்ஸ் டோனை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு நீங்கள் சீட்டில் இருங்கள், நண்பரைவிட்டு ஆம்பில் ஃபேஸ் சுவிட்சை 0-வுக்கும் 180-க்கும் மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் கூடுதலாகக் கேட்கிறதோ அதுதான் சரி. சுவிட்ச் இல்லையென்றால், ஆம்பை அணைத்துவிட்டு சப்பின் பிளஸ், மைனஸ் வயர்களை இடம் மாற்றினால் அதே பலன். இதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. இதைச் செய்யாமல் புது சப் வாங்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

ஹெட் யூனிட்டில் டைம் அலைன்மென்ட் (எல்லா ஸ்பீக்கர் ஒலியும் காதில் ஒரே நேரத்தில் சேரும்படி தாமதம் வைக்கும் வசதி) இருந்தால், ஒலி 34 சென்டிமீட்டர் போக ஏறக்குறைய 1 மில்லி விநாடி ஆகும் என்பதை வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருப்பதை முந்தச் சொல்ல முடியாது, பக்கத்தில் இருப்பதைத்தான் தாமதப்படுத்த முடியும். நாடாவை எடுத்துத் தலையிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அளந்து போடுங்கள், மீதியைக் காதால் சரிசெய்துகொள்ளலாம்.

ஈக்வலைசரைக் கடைசியில் தொடுங்கள், ஏற்றுவதைவிட இறக்குவதில் ஆரம்பியுங்கள். 3 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும், 6 ஏற்றினால் நான்கு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு. பேஸ் பூஸ்ட் குமிழை 6-இல் வைப்பது, 100 வாட் கேட்ட இடத்தில் 400 வாட் கேட்பது. கெயினை மீட்டர் வைத்துப் பார்த்துப் பார்த்து வைத்ததெல்லாம் அந்த ஒரு திருகலில் போச்சு. அதை நான் தொடுவதே இல்லை.

சில இம்சைகள்

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஙொய் என்று ஏறும் சத்தம் வந்தால் எர்த்தைத் திரும்பப் பாருங்கள். ஆம்பை அணைத்து ஆர்சிஏ கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி போடுங்கள். சத்தம் போய்விட்டால் தொல்லை கேபிளிலோ ஹெட் யூனிட் பக்கத்திலோ இருக்கிறது, போகவில்லையென்றால் ஆம்பின் பவர், எர்த் பக்கம்.

கர்ர் என்று ஒரு அதிர்வு வந்தால் சப் கிழிந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். 30-லிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஸ்வீப் டோனைப் போட்டுவிட்டு காரைச் சுற்றி வாருங்கள், கையால் ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே. என் காரில் 43 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் வந்த ஒரு கரகரப்பை இரண்டு வாரம் தேடினேன். கடைசியில் நம்பர் பிளேட். பின்னால் இரண்டு துண்டு ஃபோம் டேப் ஒட்டியதும் அடங்கியது.

கம்பெனி ஸ்டீரியோவையே வைத்துக்கொண்டு ஹை லெவல் இன்புட்டில் (ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்து) ஆம்ப் போட்டவர்களுக்கு ஒன்று. அந்த ஸ்டீரியோக்கள் சிலவற்றில் வால்யூம் ஏற ஏற பேஸைத் தானே குறைக்கும் ஏற்பாடு உண்டு, அதன் சின்ன ஸ்பீக்கர்களைக் காப்பாற்ற. மெதுவாக வைத்தால் பேஸ் நிறைய, சத்தமாக வைத்தால் காணோம் என்றால் கெயினை ஏற்றிப் பயனில்லை, அதை ஈடுகட்டுகிற ப்ராசசர் ஒன்று இடையில் வேண்டும்.

எல்லாம் முடிந்து ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஆம்பின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் காற்றுப்போக வழியில்லாத இடத்தில் இருக்கிறது, இல்லை ஓம் கணக்கு தப்பு.

அப்புறம், கெயின் குமிழ் நிற்கிற இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஆம்பையும் ஹெட் யூனிட்டின் ஒவ்வொரு செட்டிங் திரையையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சர்வீஸில் யாராவது பேட்டரியைக் கழற்றி மாட்டுவார்கள், சில ஹெட் யூனிட்கள் எல்லாவற்றையும் மறந்து, லவுட்னெஸ்ஸையும் ஆன் பண்ணிக்கொண்டு எழுந்து உட்காரும்.